ஸ்மார்ட் போர்ட் இருக்கிறது, கேள்வி எங்கே?

நவீன வகுப்பறைத் திறப்பு விழாக்களுக்கு நம் ஊரில் குறைவில்லை. மங்கள விளக்கேற்றி, நாடா வெட்டி, கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்களுக்கு நன்றி சொல்லி, படமும் எடுத்தாயிற்று. அடுத்த திங்கட்கிழமை அந்த ஸ்மார்ட் போர்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

வடமராட்சியில் ஒரு வகுப்பைப் பார்த்தேன். கடந்தகால வினாத்தாளின் விடைகள் திரையில் பளிச்சென்று விழுந்தன. பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் கொப்பியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகைக் காலத்தில் எழுதி எழுதிச் சேருக்குக் கை உளையும். சோக்கை வைத்துவிட்டு நாலு வார்த்தை கதைப்பார், ஒருவனை எழுப்பிக் கேள்வி கேட்பார். இப்போது அடுத்த பக்கத்துக்கு ஒரு தட்டு போதும். கதைக்க இருந்த கொஞ்ச நேரமும் போயிற்று.

இதே யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிட்டத்தட்ட 200 வருடங்களுக்கு முன் கருவியை வேறு மாதிரிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் வானியல் ஒரு பாடம். 1829 மார்ச் 20ஆம் திகதி சந்திர கிரகணம். அந்தப் பகுதியில் பேர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் ஒரு நேரம் குறித்திருந்தார். செமினரி அதிபர் டானியல் பூவர் ஐரோப்பிய முறையில் கணித்துப் பார்த்தார். தொடங்கும் நேரத்தில் 15 நிமிடம், நீடிக்கும் நேரத்தில் 24 நிமிடம் இடித்தது. எவ்வளவு மறையும் என்பதிலும் வித்தியாசம். ஊரெல்லாம் இதே பேச்சு. அன்றிரவு கடிகாரத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். பூவரின் கணக்கே சரியாக வந்ததென்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன.

பஞ்சாங்கம் பிழைத்தால் சைவமும் ஆட்டங்காணும் என்பது பூவரின் உள்நோக்கம். அதை மறைக்கத் தேவையில்லை. பரம்பரை வாய்பாட்டை வைத்துக்கொண்டு கால் மணித்தியாலப் பிழைக்குள் கிரகணம் தொடங்கும் நேரத்தைச் சொன்ன சாஸ்திரியாரும் லேசுப்பட்டவரல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் பகிரங்கமாக நின்றன, எது சரி என்பதை யாரும் நோட்ஸ் கொடுத்துத் தீர்க்கவில்லை. பார்த்தவர்கள் தாங்களே நேரத்தை ஒப்பிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் பின்னாளில் அந்தச் செமினரியில் படித்து வந்தவர்கள்தான்.

ஹாவர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்துவருவதும் ஏறக்குறைய அந்தக் கிரகண இரவில் நடந்ததைத்தான். ஒரு கேள்வி, சில தெரிவுகள். மாணவர்கள் முதலில் தனியாக வாக்களிப்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டுத் திரும்பவும் வாக்களிப்பார்கள். அதற்கென்று மின்கருவிகள் உண்டு. நாலு நிற மட்டைகளை உயர்த்தினாலும் வேலை நடக்கும். பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாத நம் பாடசாலைகளுக்கு மட்டையே தோது.

சரி, குடாநாட்டுப் பிள்ளைக்கு என்ன கேள்வி கொடுக்கலாம்? அவரவர் வீட்டுக் கிணறே இருக்கிறது. நமக்கு வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பித்தான் சீவியம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். வலிகாமத்தில் தோட்டத்து உரத்தால் நைத்திரேற்று சேர்ந்த கிணறுகள் பல என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்க, பேனை அளவில் ஒரு டீ.டி.எஸ். மீற்றர் விற்கிறது, விலையும் பெரிதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரட்டும். எந்த ஊர்த் தண்ணீர் கூடக் காட்டும் என்று முதலில் மட்டையை உயர்த்தட்டும், பிறகு அளக்கட்டும். ஸ்மார்ட் போர்டில் ஊர்ப் படத்தை விரித்து, வந்த எண்களை அவர்களே குறிக்கட்டும். கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கிணறு ஏன் கூடக் காட்டுகிறது என்று ஒருத்தியாவது கேட்பாள். அந்த மீற்றர் கரைந்த உப்புகளை மொத்தமாகத்தான் காட்டும். நைத்திரேற்றைப் பிரித்துச் சொல்லாது. அதை அறிய வேறு சோதனை வேண்டும் என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்வார்கள்.

விஞ்ஞான பாட ஆசிரியர்களே, அடுத்த தவணையில் ஒரு பாடவேளையையாவது இதற்கு ஒதுக்குங்கள். பாடத்திட்டம் முடியாது என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் விடையை மட்டும் முதலில் திரையில் போட்டுவிடாதீர்கள்.