மலைப்பாம்பு வாங்கும் முன் வயதைக் கணக்குப் போடுங்கள்

எஸ்பிஎம் முடித்த என் சித்தப்பா மகன் மூன்று மாதத்துக்கு முன் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். மலைப்பாம்புக் குட்டி. "அண்ணா, பகுதி நேர வேலைச் சம்பளத்துலயே வாங்கிடலாம். நீங்க சொன்னா அப்பா ஒத்துக்குவாரு."

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக ஒரு 'பால் பைத்தான்' இருக்கிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இனம். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். பாட்டி பெயரைக் கேட்டுவிட்டுக் கிண்ணத்தில் பால் வைக்கச் சொன்னார்! தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அவர் பார்த்தது, கோழிக்கூண்டில் புகுந்து விழுங்கும் நம்மூர் மலைப்பாம்பு. இதுவோ வளர்ந்தாலும் நான்கைந்து அடிதான், நஞ்சும் இல்லை.

அதனால்தான் புதியவர்களுக்கு ஏற்ற பாம்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

முதலில் சட்டம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் உரிமம் இல்லாமல் மலைப்பாம்பு வளர்க்கக் கூடாது. 2022இல் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். தம்பி காட்டிய விளம்பரத்தில் உரிமத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

பராமரிப்பு கடினமில்லை, பொறுமைதான் கடினம். கூண்டின் ஒரு பக்கம் 32 பாகை வெப்பம், மறுபக்கம் 26, ஒளிந்துகொள்ள இரண்டு இடம், தண்ணீர். உறைந்த எலியை வெந்நீரில் இளக வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விரதம் என்பதால் எங்கள் வீட்டில் சனிக்கிழமை. முதல் ஆண்டில் அது ஒன்பது வாரம் எதையும் தொடவில்லை. நான் பயந்துபோய்த் தினமும் எலியை நீட்டினேன்; அது மேலும் மிரண்டது. இந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்று பிறகுதான் படித்தேன். எடை குறையாதவரை சும்மா விட்டுவிட வேண்டும். பத்தாவது வாரம் தானாகவே சாப்பிட்டது.

பெரிய கணக்கு வேறு. நல்ல பராமரிப்பில் இது 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். தம்பிக்கு வயது 17. பாம்பு சாகும்போது அவனுக்கு 47 ஆகலாம். இடையில் பல்கலைக்கழகம், வேலை, திருமணம், வாடகை வீடு. எந்த வீட்டுக்காரர் பாம்போடு வருபவருக்கு அறை கொடுப்பார்? நான் தங்கும் விடுதியிலேயே அனுமதி இல்லை.

சலித்துப்போய்க் காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பார்க்கலாம். செல்லப்பிராணியாகப் போன பர்மிய மலைப்பாம்புகள், விடப்பட்டும் தப்பியும், அங்குள்ள சதுப்பு நிலத்தில் பெருகி முயல்களையும் மற்றச் சிறு விலங்குகளையும் தின்று தீர்த்தன. 2017இல் அவற்றைப் பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அழைத்தார்கள். மோப்ப நாய்களையும் வைத்துப் பார்த்த இடத்தில், இவர்கள் தடம் பார்த்தே இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் யாரோ சிலர் வாங்கி அலுத்துப்போனதைச் சரிசெய்யத்தானே அவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது?

தம்பியிடம் நான் மறுக்கவில்லை. "இந்தப் பருவம் முழுக்க நான் ஊர்ல இருக்க மாட்டேன். சனிக்கிழமைதோறும் வந்து கூண்டைச் சுத்தம் பண்ணு, எலி கொடு. பிறகு பேசலாம்" என்றேன். உற்சாகமாக ஒத்துக்கொண்டான்.

பருவம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கடந்த இரண்டு சனிக்கிழமையும் அவன் வரவில்லையாம். அம்மாதான் எலியை வெந்நீரில் போட்டாராம்.