புதிய தொற்றுநோய்களும் கல்லூரிக் கல்வியும்

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேசியாவின் பன்றிப் பண்ணைத் தொழிலாளர் காய்ச்சலும் மூளை வீக்கமும் கண்டு மடியத் தொடங்கியபோது, அது கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று கருதப்பட்டு, மருந்து தெளிப்பதிலும் தடுப்பூசி போடுவதிலும் மாதங்கள் விரயமாயின. ஆனால், நோயுற்றோரில் பெரும்பாலோர் அக்காய்ச்சல் பெரிதும் தாக்கும் குழந்தைகளல்லர், பன்றிகளோடு பழகிய பெரியவர்கள்; பன்றிகளோ குரைப்பதுபோல் இருமின. 1999 மார்ச்சில் மலாயா சர்வகலாசாலையின் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்த பின்னரே நிபா எனப்படும் அவ்வைரஸின் ஸ்வரூபம் வெளிப்பட்டது. அதன் பூர்வ இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

2018-இல் அதே நிபா கோழிக்கோட்டில் தலைகாட்டியபோதோ, ஒரே குடும்பத்தில் இரண்டாமவர் நோயுற்றபோதே வைத்தியர்கள் ஐயுற்று, மணிப்பால் ஆய்வுக்கூடத்தின் உதவியால் நோயை நிச்சயித்தனர். 17 உயிர்கள் போயினும், நோய் விரைவில் அடங்கியது.

இவ்விரு சம்பவங்களும் புகட்டும் பாடம் ஒன்றே. வைத்தியம், கால்நடை மருத்துவம், விலங்கியல், புள்ளியியல் ஆகிய சாஸ்திரங்கள் தனித்தனி அறைகளில் போதிக்கப்படும்வரை, வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவும் கிருமியைத் தொடர்ந்து சென்று பிடிக்கவல்ல மாணாக்கர் உருவாகமாட்டார்கள். பட்டப்படிப்பிலேயே இத்துறைகளை இணைத்த பாடமொன்றும், பண்ணைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் நேர்முகப் பயிற்சியும் ஏற்படுத்துவது அத்தியாவசியம். அடுத்த நோய் வந்தபின் பாடத்திட்டம் வகுக்க அவகாசம் இராது. சர்வகலாசாலைகள் இப்பொழுதே முன்வரவேண்டும்.