பழைய பாவனையாளருக்குப் பழைய வேகமா?

இணைய இணைப்பு விற்கும் நிறுவனங்களின் விளம்பரத் துண்டுகளைக் கூர்ந்து படிப்பவர்கள் ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள். பெரிய எழுத்தில் வேகம். அதனினும் பெரிய எழுத்தில் விலை. அடியிலே, மூக்குக்கண்ணாடி போட்டவரும் தடுமாறும் பொடி எழுத்தில், “புதிய இணைப்புகளுக்கு மட்டும்” என்றொரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம். இன்றைய வாணிபத்தின் ஒழுக்கம் முழுவதும் அந்தப் பொடி எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பது எமது எண்ணம்.

திருகோணமலை நகரின் ஓரத்திலுள்ள அன்புவழிபுரத்தை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்திலும் மாவாலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் உழைப்பவர்கள், மேசன்மார், ஓட்டோ ஓட்டுபவர்கள், கந்தோர் லிகிதர்கள், பாடசாலை ஆசிரியர்கள் ஆகியோர் அக்கம்பக்கமாக வாழும் ஊர் அது. அங்கே ஒரு வீட்டுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி இழை, சனங்களின் வாயில் பைபர், வந்துவிட்டது. அடுத்த வீட்டுக்குச் சென்ற மாதந்தான் வந்தது. இரு வீட்டுக்கும் ஒரே தூணிலிருந்து, ஒரே பெட்டியிலிருந்துதான் இழை இறங்குகிறது. ஆயினும் முன்னவர் கொடுப்பது கூட, பெறுவது குறைவு. ஏனென்று கேட்டால், “நீங்கள் பழைய பொதியில் இருக்கிறீர்கள்” என்று விடை வருகிறது. புதிய பொதிக்கு மாறலாமா? மாறலாமாம். அதற்கொரு விண்ணப்பம், புதிய றவுட்டருக்கு ஒரு தொகை, புதிதாக ஒரு ஒப்பந்தக் காலம். இத்தனை ஆண்டுகள் மாதம் தவறாமல் பணம் கட்டியவரிடம் மீண்டும் நுழைவுக் கட்டணம் கேட்கிறார்கள்! நிறுவனத்தின் பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் வாக்கியம் பொருந்திவிடும் என்பதே இதிலுள்ள துயரம்.

வேகத்தைக் கூட்டுவதற்குப் புதிய இழை இழுக்க வேண்டியிருந்தால், வீதியைத் தோண்ட வேண்டியிருந்தால், அதற்குரிய செலவை நாம் மறுக்கமாட்டோம். உண்மை என்ன? இங்கு பரவலாக உள்ள முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடப்படுகிறது. அந்த ஒற்றை இழையிலே வினாடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட் இறங்கிவரும். அதில் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நிலையத்துக் கணினியில் பதிந்துள்ள ஓர் எண். 20 என்றிருப்பதை 100 ஆக்க எவரும் ஏணி தூக்கிக்கொண்டு வரவேண்டியதில்லை. விரற்கடை வேலை. பழைய றவுட்டரின் வாய் சிறிதாக இருந்தால் அதை மாற்றவேண்டி வரலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆகவே பழைய பாவனையாளருக்கு விதிக்கப்படும் பழைய வேகம், பொறியியல் விதித்த எல்லையன்று. கணக்குப்பிள்ளை விதித்த எல்லை.

இதே பங்கீட்டில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. 32 வீட்டாரும் ஒரே வேளையில் இழுத்தால் வீட்டுக்கு 80 மெகாபிட்டும் தேறாது. 64 வீடென்றால் 40உம் தேறாது. “100 வரை” என்று விற்பதன் பொருள், அயலவர் உறங்கும்போது 100 என்பதே. “வரை” என்ற இரண்டெழுத்தைப் போல வருமானம் ஈட்டித் தரும் சொல் தமிழில் வேறில்லை. இலக்கண ஆசிரியர்கள் கவனிப்பார்களாக.

இந்தத் தந்திரம் நம்மூரில் பிறந்ததன்று. பிரித்தானியாவில் 2018 செப்டெம்பரில் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற பொதுநல அமைப்பு, போட்டிச் சந்தை அதிகாரசபையிடம் ஒரு பெருமுறைப்பாடு செய்தது. வீட்டு இணையம், கைத்தொலைபேசி, வீட்டுக் காப்புறுதி, வீட்டுக் கடன், சேமிப்பு ஆகிய ஐந்து துறைகளிலும் நிறுவனத்தை மாற்றாமல் ஒரே இடத்தில் இருந்தவர்கள், அப்படி இருந்த குற்றத்துக்காகவே ஆண்டொன்றுக்கு 410 கோடி பவுண் மேலதிகமாகக் கட்டுகிறார்கள் என்று அது கணக்குக் காட்டியது. “விசுவாசத் தண்டனை” என்ற பெயரே அங்கு வழக்கில் வந்துவிட்டது. முதியோர், வருமானம் குறைந்தோர், பேரம் பேச நேரமில்லாதோர் ஆகியோர்மீதே அத்தண்டனை அதிகமாக விழுந்தது. 2020 பெப்ரவரி முதல், ஒப்பந்தம் முடியும் வேளையில் அதை அறிவித்து, கிடைக்கக்கூடிய நல்ல விலையையும் பாவனையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குபடுத்துநர் கட்டாயமாக்கினார். முதலாளித்துவத்தின் தாய்வீட்டிலேயே இந்த அளவு வெட்கம் பிறந்திருக்கிறது. அங்கே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதியாவது உண்டு. அன்புவழிபுரத்தில் ஒரு வீதிக்கு ஒரு நிறுவனத்தின் இழை வந்திருந்தாலே பெரிது. போட்டி என்பது விளம்பரப் பலகையில் மட்டும் நடக்கிறது.

இனி, வேகத்தை உயர்த்தித் தந்துவிட்டதாகக் கொண்டாடும் சந்தர்ப்பங்களையும் பார்க்கவேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதம் 40 ஜிகாபைற் ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் முழுதாக இழுத்தால் அந்த மாதத்து ஒதுக்கீடு 53 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பைற்றுக்கு எட்டுப் பிட், சாதாரண பெருக்கல்தான், எட்டாம் வகுப்பு மாணவனிடம் கொடுத்தால் செய்துகாட்டுவான். வேகத்தை 300 ஆக உயர்த்தி “இலவச மேம்பாடு” என்று பறை சாற்றுகிறார்கள். ஒதுக்கீடு அதேதான். இப்போது மாதம் முழுவதற்குமானது 18 நிமிடத்தில் தீரும். வாளி அதே வாளி; குழாயை மட்டும் அகலமாக்கியிருக்கிறார்கள். எஞ்சிய நாட்களுக்கு மேலதிக டேட்டா வாங்கவேண்டும். அதைத்தானே அவர்கள் விற்கவும் விரும்புகிறார்கள்! நெடுங்காலம் இந்த ஒதுக்கீட்டையும் பகலுக்கொரு பங்கு, நள்ளிரவுக்குப் பின் ஒரு பங்கு என்று கூறுபோட்டு விற்றார்கள். ஏழைப் பிள்ளை படிப்பதற்கு நல்ல நேரம் இரவு ஒரு மணி என்று எந்தக் கல்விமான் அவர்களுக்குச் சொன்னாரோ, நாம் அறியோம்.

விலையின் வரலாற்றையும் சற்று நினைவூட்டுவோம். 2022 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 வீதத்தால் உயர்த்தத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி வழங்கியது. டொலரின் விலை ஏறிவிட்டது, டீசல் விலை ஏறிவிட்டது என்றார்கள். ஏறியது உண்மையே, எரிபொருள் வரிசையில் நின்ற நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூனில் 8இலிருந்து 12 வீதமாகவும் செப்டெம்பரில் 15 வீதமாகவும் ஏறிய பெறுமதிசேர் வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. இடையில் 360 ரூபாவைத் தொட்ட டொலர் 300 ரூபாவின் பக்கம் இறங்கி வந்தது. ஏற்றத்துக்கு ஆணை பிறந்ததுபோல இறக்கத்துக்கும் ஏன் பிறக்கவில்லை? சுமை ஏறும்போது அது தேசத்தின் சுமை. இறங்கும்போது இலாபம் பங்குதாரரின் இலாபம்.

பங்குதாரர் யார் என்றும் கேட்டுவைக்கலாம். தந்தி, தபால் காலத்திலிருந்து மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டுத்தாபனமாயிற்று, 1996இல் கம்பனியாயிற்று, 1997இல் அதன் பங்குகளில் 35 வீதம் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்துக்கு 22 கோடி 50 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. 2008இல் அப்பங்கு மலேசியப் பெருமுதலாளி ஒருவரின் கூட்டத்துக்குக் கைமாறியது. மொத்தப் பங்குகளில் ஏறக்குறைய பாதி இன்னும் திறைசேரியின் கையில், அதாவது நமது கையில், இருக்கிறது. அதையும் விற்றுவிட 2023இல் முடிவு செய்தார்கள். 2024 தொடக்கத்தில் கேள்வி கொடுத்தவர்களுள் இந்தியாவின் ஜியோவும் ஒன்று. அவ்வாண்டு இறுதியில் வந்த புதிய ஆட்சி அவ்விற்பனையைத் தொடரவில்லை. நல்லது. ஆனால் பாதி உடைமை மக்களுடையது என்றால், அந்தப் பாதி எந்த இடத்தில் பேசுகிறது? பங்கிலாபம் பெறும் நாளில் மட்டும் வாய் திறக்கும் பொதுவுடைமை நமக்குத் தேவையில்லை.

திருகோணமலைக்காரர் இதை மேலும் கசப்போடு உணர்வதற்குக் காரணமுண்டு. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் நம்மைப் பெருமைப்படச் சொல்வார்கள். பிரித்தானியக் கடற்படை இங்கே நூறளவில் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியது. ஜேர்மன் வானொலி 1980களில் இங்கே அஞ்சல் நிலையம் நிறுவி ஆசியா முழுவதற்கும் ஒலியலை அனுப்பியது. வல்லரசுகளின் செய்திக்கும் எரிபொருளுக்கும் இந்தக் கரை எப்போதும் பொருத்தமாயிருந்தது. ஆனால் இலங்கையை உலகத்தோடு இணைத்த கடலடி வடங்கள் எங்கே கரையேறின? 1999இல் வந்தது கல்கிசையில். 2005இல் வந்தது கொழும்பில். அதன்பின் ஐந்தாவது வரிசை வடம் மாத்தறையில். 2006இல் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட வடங்கூடக் கல்கிசைக்கே போயிற்று. புவியியலையும் பணத்தையும் காரணம் காட்டுவார்கள், ஓரளவு ஒப்புக்கொள்வோம். விளைவு என்னவெனில், கீழ்க்கரைக்கு எல்லாம் கடைசியில் வருகிறது. வந்தது பழையதாகும்போது பழையதாகவே விடப்படுகிறது.

“இணையம் ஆடம்பரம், வேண்டாதவர் வெட்டிவிடலாமே” என்று சொல்லும் கனவான்கள் உண்டு. அவர்களுக்கு 2020ஐயும் 2021ஐயும் ஞாபகப்படுத்துகிறோம். பாடசாலைகள் மூடிக் கிடந்த நாட்களில், கணினி இருந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில் மட்டுமே. மலையேறியும் மரமேறியும் சிக்னல் தேடிய பிள்ளைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பாடம் நடத்திய டேட்டாவுக்குக் காசு கொடுத்தவர் யார்? ஆசிரியர், தம் சொந்தச் சம்பளத்தில். 2021 ஜூலை 12ஆம் திகதி முதல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடியபோது, முதன்மைக் கோரிக்கை சம்பள முரண்பாடாயினும், அதன் அடியில் இந்தக் குமுறலும் கிடந்தது. அதே காலத்தில் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களுக்கு மாணவர் கட்டணமின்றிச் செல்ல வழி செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை. அரசு வற்புறுத்தினால் கட்டணமின்றியும் தரமுடியும் என்பதற்கு நிறுவனங்களே தந்த அத்தாட்சி அது.

நம் பக்கத்திலேயே இன்னொரு சாரார் இருக்கிறார்கள். சோற்றுக்கே வழியில்லாத நாட்டில் மெகாபிட்டைப் பற்றி என்ன பேச்சு என்பது அவர்கள் வாதம். தோழர்களே, அஸ்வெசும உதவிக்கும் விண்ணப்பத்துக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் இன்று இணையத்தின் வாசலில்தான் நிற்கவேண்டியிருக்கிறது. சோற்றையும் இணையத்தையும் எதிரெதிரே நிறுத்துவது யாருக்கு இலாபம் என்று எண்ணிப் பாருங்கள். கேரளத்தை நோக்குங்கள். இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் பகுதியென, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில் 2019இல் அங்குள்ள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5இல் அரசு தன் சொந்த இழை வலையான கே-ஃபோனைத் தொடங்கியது. 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்ற இலக்கு வைத்து, முதற்கட்டத்தில் தொகுதிக்கு நூறாக 14,000 குடும்பங்களையே எடுத்தார்கள். வேகம் போதாது என்று அங்குள்ள இடதுசாரிகளையே நாம் குறைகூறுவோம். ஆயினும் திசை அதுதான்.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. ஒரே இழையில் ஒரே நிறுவனம் புதியவருக்குத் தரும் வேகமும் விலையும் பழையவருக்குத் தானாகவே, விண்ணப்பமின்றி, புதிய ஒப்பந்தமின்றிக் கிடைக்கவேண்டும். “வரை” என்ற சொல்லுக்குப் பக்கத்தில், மாலை ஏழு மணிக்கு உண்மையில் கிடைக்கும் வேகத்தையும் அச்சிடவேண்டும். வேகம் ஏறினால் ஒதுக்கீடும் அதே விகிதத்தில் ஏறவேண்டும். கட்டணத்திலும் தரத்திலும் பாவனையாளரின் நலனைக் காப்பது ஆணைக்குழுவின் கடமையென்று சட்டமே சொல்கிறது. புதுச் சட்டம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

ஆணைக்குழு தானாக விழிக்கும் என்று நாம் நம்பவில்லை. ஒரே வீதியின் பழைய இணைப்புக்கும் புதிய இணைப்புக்குமான கட்டணச் சீட்டுகளைப் பெயரையும் விலாசத்தையும் மறைத்து அருகருகே வைத்து, மாலையில் அளந்த வேகத்தையும் எழுதி, முறைப்பாடாக அனுப்பவேண்டும். அன்புவழிபுரத்தில் அப்படி ஐம்பது சீட்டுகளைத் திரட்டுவது ஒரு மாணவர் சங்கத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. முறைப்பாட்டை எழுதித்தர அங்கே ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை.