அளவுகோல் பழுது, பழியோ ஆசிரியர் மேல்!

பல்கலைக்கழக ஆசிரியர் சோம்பிக் கிடக்கின்றனர், ஆராய்ச்சி குன்றிவிட்டது, மேலைநாட்டாரைப் பாருங்கள் என்று மேடைதோறும் ஒரு குரல் எழுகின்றது. எழுப்புவோர், ஆராய்ச்சி என்னும் பயிர் எந்நிலத்தில் விளையும், எந்நீரில் தழைக்கும் என்று கேட்பதில்லை. அறுவடை நாளில் மட்டும் மரக்காலோடு வந்து நிற்கின்றனர்.

அந்த மரக்காலையே முதலில் பார்ப்போர் பார்க்கட்டும். பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, மொழித்துறை ஆசிரியர் இதழில் எழுதும் கட்டுரை ஒன்றுக்கு 10 மதிப்பெண். பத்தாண்டு உழைத்து எழுதிய நூலை நம் நாட்டுப் பதிப்பகம் வெளியிட்டால் அதற்கும் 10 தான். அயல்நாட்டுப் பதிப்பகமாயின் 12! முழு நூலொன்றை மொழிபெயர்த்தவர்க்கு 8. பத்துப் பக்கக் கட்டுரையும் ஐந்நூறு பக்க நூலும் ஒரு நிறையென்றால், எவர் நூல் எழுத முனைவார்? இது போதாதென்று, இதழ் எத்துணை மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றது என்னும் அயலார் கணக்கின்படி மதிப்பெண் ஏறுகின்றது. அக்கணக்கில் தமிழ் ஆராய்ச்சி இதழ்களுக்கு இடமேது? வேர்ச்சொல்லைப் பற்றித் தமிழில் எழுதுவோர் தாழ்வர். அதையே அரைகுறை ஆங்கிலத்தில் எழுதுவோர் உயர்வர். இதற்குப் பெயர் தரமாம்!

எண்ணிக்கையைத் துரத்தியதன் விளைவு என்ன? பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலியிதழ்கள் புற்றீசலாய்ப் புறப்பட்டன. நல்கைக்குழுவே 2018இல் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் வேறொரு பட்டியல் கண்டது. 2025இல் அதனையும் கைவிட்டது.

இனி நிலத்தையும் நீரையும் காண்க. 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஆனையூர் போன்ற புறநகரில் குடிக்கூலிக்கு இருந்து, நாளும் பேருந்தேறிக் கல்லூரிக்குச் செல்லும் மதிப்பூதிய விரிவுரையாளரின் நிலை யாது? திங்களுக்கு 50,000 உருபா வரை வழங்கலாம் என 2019இல் நல்கைக்குழு கூறிற்று. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலோ அதில் பாதியைத் தாண்டாமலே ஆண்டுகள் கழிந்தன. நிலைத்த பணியினரான உதவிப் பேராசிரியர்க்குக் கிழமைக்கு 16 மணி வகுப்பு. அதன்மேல் தேர்வுத்தாள், குழுக்கூட்டம், தர மதிப்பீட்டிற்குக் கட்டுக்கட்டாய் ஆவணம். எஞ்சும் இரவில்தான் ஆராய்ச்சி!

1966இல் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம், 2021இல் மிகவுயர்ந்த தரமதிப்பைப் பெற்றது. மூன்றே ஆண்டில், 2024இல், அதே வளாகத்தில் ஆசிரியரும் ஓய்வூதியரும் திங்கள் பலவாக ஊதியமின்றிப் போராடினர். தரச்சான்று உலை வைக்குமா?

வறுமையிலும் பாவாணர் எழுதவில்லையா என்று கேட்பார் உளர். எழுதினார். 1961இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணி நீங்கிய பின்னரே, உலகின் முதன்மைச் செம்மொழி தமிழே என நாட்டும் ஆங்கில நூலை 1966இலும், தமிழ் வரலாற்றை 1967இலும், திருக்குறள் தமிழ் மரபுரையை 1969இலும் வெளியிட்டார். ஆயின் அது வறுமை ஈன்ற விளைவன்று. வறுமையையும் மீறிய விளைவு. அவருடைய வாழ்நாட் பணியான சொற்பிறப்பியல் அகரமுதலியோ தனியொருவர் கையால் முடிவதன்று. அதற்கு நூலகம் வேண்டும், துணைவர் வேண்டும், கவலையற்ற நாள்கள் வேண்டும். பெருஞ்சித்திரனாரின் முயற்சியால் தென்மொழி அன்பர்கள் பொருள் திரட்டினர். அரசு அவரை இயக்குநராக அமர்த்தியது 1974இல். அப்போது அவர் அகவை 72! ஏழே ஆண்டு. 1981 சனவரியில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டிற்கு வந்த மதுரையிலேயே அவர் உயிர் நீங்கிற்று. முதன்மடலத்தின் முதற்பகுதி வெளிவந்தது 1985இல். அதை அவர் கண்டிலர். முழு அகரமுதலியும் நிறைவுற 2011 ஆயிற்று. அவர் ஐம்பது அகவையில் இருந்தபோது எந்தப் பல்கலைக்கழகமேனும் இவ்வாய்ப்பை வழங்கியிருந்தால் எத்தனை மடலங்களை அவர் கையாலேயே முடித்திருப்பார்!

இக்கணக்கைத் துணைவேந்தர்களும் கல்வித்துறையும் போடட்டும். ஊதியத்தைத் திங்கள் முதல்நாளில் தரட்டும். கிழமைக்கு இரண்டு நாளேனும் வகுப்பும் ஆவணமும் இன்றி விடட்டும். தமிழில் எழுதிய நூலுக்கு அயல்மொழிக் கட்டுரைக்குக் குறையாத மதிப்பெண் இடட்டும். அதன்பின் மரக்காலைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.