கறவையைக் கொடுத்துக் கன்றுகள் வாங்கிய கதை

பேஸ்பால் என்று ஆரம்பித்ததும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். ஆட்டத்தின் சட்டதிட்டங்களைச் சொல்லி உங்களைத் துன்புறுத்தும் உத்தேசம் எனக்கில்லை. கிரிக்கெட்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை. ஒருவர் பந்தை எறிவார். எதிர்க் கோஷ்டிக்காரர் மட்டையால் அடிக்கப் பார்ப்பார். இவ்வளவு தெரிந்தால் போதும். நான் சொல்லப் போவது ஆட்டத்தைப் பற்றியே அல்ல. ஓர் ஊர் ஒரு மனிதருக்காகக் கண் கலங்கிய சங்கதி. நடுவில், ஒரு பாவமும் அறியாத ஒரு மனைவியின் பெயரும் அடிபடுகிறது.

ஒரு புகைப்படம் இருக்கிறது. 1977-ம் வருஷம் ஜூன் மாதம், நியூயார்க் நகரத்து ஷே ஸ்டேடியத்தில், ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் எடுத்தது. வாட்டசாட்டமான ஒரு மனிதர், வயது முப்பத்திரண்டு. நிருபர்கள் சூழ்ந்து நிற்க, குனிந்து கண்ணைத் துடைத்துக் கொள்கிறார். அவர்தான் டாம் ஸீவர். முதல் நாள் இரவு, அவருடைய கோஷ்டியான நியூயார்க் மெட்ஸ், அவரை ஸின்ஸினாட்டி ரெட்ஸ் என்ற கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு நான்கு இளைஞர்களை வாங்கிக் கொண்டுவிட்டது.

அமெரிக்கப் பேஸ்பாலில் இந்தப் பண்டமாற்று சர்வ சாதாரணம். ஆட்டக்காரருடைய ஒப்பந்தம் கோஷ்டியின் கையில் இருக்கிறது. வயது ஏறிக்கொண்டு போகிறவரை, பெயரும் புகழும் இருக்கும்போதே கொடுத்துவிட்டு, வருங்காலத்தில் தேறக்கூடிய இளைஞர்கள் இரண்டு மூன்று பேரை வாங்கிப் போட்டுக் கொள்வார்கள். கறவைப் பசுவைக் கொடுத்துக் கிடேரிக் கன்றுகளை ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி. கணக்குப் பார்த்தால் தவறே சொல்ல முடியாது. பசு இன்னும் எத்தனை ஈற்றுக்குத் தாங்கும்? கன்றுகளோ நாளைக்குக் கறக்கும்.

ஆனால் வீட்டில் பசுவை ஓட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று அழுகிறவர்கள் உண்டல்லவா? அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

மெட்ஸ் கோஷ்டி 1962-ல் பிறந்தது. பிறந்த வருஷமே 120 ஆட்டங்களில் தோற்றது. அப்படித் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும்! பார்க்க வந்த ஜனங்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். நோஞ்சான் பிள்ளையிடம் தாய்க்கு இருக்கிற வாத்ஸல்யம் அந்தக் கோஷ்டியிடம் நியூயார்க் ஜனங்களுக்கு இருந்தது. அதன் சொந்தக்காரரும் ஒரு பெண்மணி, ஜோன் பேஸன். பிறந்த வீட்டுச் சீராகவோ புகுந்த வீட்டுச் சொத்தாகவோ வந்ததல்ல; ஆட்டத்தின் மேலிருந்த பிரியத்தால் அவரே பணம் போட்டு ஆரம்பித்தது.

ஸீவர் அங்கே வந்து சேர்ந்தது கல்யாணப் பிராப்தம் போலத்தான். கலிபோர்னியாக் கல்லூரி மாணவர். வேறொரு கோஷ்டி அவரை எடுத்த முறை விதிக்கு விரோதம் என்று தள்ளுபடியாயிற்று. 1966-ல் மூன்று கோஷ்டிகளின் பெயரை எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். வந்த சீட்டு மெட்ஸ். அடுத்த வருஷமே அவர் 16 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். 1969-ல் 25 ஆட்டங்கள். மனிதன் சந்திரனில் கால் வைத்த அதே வருஷம், கடைசி ஸ்தானத்துக்கென்றே பிறந்ததாக எல்லாரும் நினைத்திருந்த மெட்ஸ், உலகச் சாம்பியன் பட்டத்தை வாங்கியது. இரண்டில் எது பெரிய அதிசயம் என்று நியூயார்க்கில் தர்க்கமே நடந்திருக்கும்.

அவருக்கு ஜனங்கள் வைத்த பட்டப் பெயர்களில் ஒன்றுக்கு, ‘கோஷ்டி என்றால் அவர்தான்’ என்று அர்த்தம். ஒவ்வோர் ஆண்டும் மிகச் சிறந்த பந்தெறிபவருக்குத் தருகிற ஸை யங் விருதை 1969, 1973, 1975 என்று மூன்று முறை வாங்கினார். பக்கத்தில் எப்போதும் மனைவி நான்ஸி. சிரித்த முகமாக இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படங்களைப் பத்திரிகைகள் போட்டி போட்டுக்கொண்டு வெளியிட்டன. 1969-ல் பத்து வயசுப் பையனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஷே ஸ்டேடியத்துக்குப் போனவன் 1977-ல் பதினெட்டு வயசு வாலிபன். அவனுக்கு ஸீவர் வெறும் ஆட்டக்காரர் இல்லை. வளர்ந்த வீட்டின் தூண் மாதிரி.

பிறகு என்ன ஆயிற்று? என்ன ஆகும்? பணம்தான்.

1975 முடிகிற வரையில் ஆட்டக்காரர்கள் ஒரு கோஷ்டியில் சேர்ந்தால் சேர்ந்ததுதான். கோஷ்டியாகப் பார்த்து விட்டால்தான் விடுதலை. அந்த வருஷக் கடைசியில் ஒரு மத்தியஸ்தர் தீர்ப்பு அதை உடைத்தது. அதற்கப்புறம், ஒப்பந்தம் முடிந்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் போய் விலை பேசலாம் என்று ஏற்பட்டது. ஸீவர் அவசரப்பட்டு, தீர்ப்பின் பலன் தெரியும் முன்பே ஆண்டுக்குச் சுமார் 2,25,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். சில மாதங்களில், அதே ஊரில் இருக்கிற இன்னொரு கோஷ்டியான யாங்கீஸ், ரெஜி ஜாக்ஸன் என்பவரை ஐந்து வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து அழைத்து வந்தது! (இரண்டே கால் லட்சம் டாலர் போதாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அடுத்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று தெரிகிற வரையில் எல்லாச் சம்பளமும் போதும்தான்.)

ஜோன் பேஸன் 1975-ல் காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அவருக்குப் பின் கோஷ்டியை ஆட்டிவைத்தவர் எம். டொனால்ட் கிராண்ட். பங்கு மார்க்கெட் புள்ளி. ஆட்டக்காரன் என்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடவேண்டியவன் என்ற பழைய காலத்து எண்ணம் அவருக்கு. ஸீவர் சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்களை ஏன் வாங்கவில்லை என்றும் கேட்டார். பசுவாக இருந்திருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. பசுவுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது.

இந்தச் சண்டையில் டிக் யங் என்ற பெயர் பெற்ற பத்திரிகையாளர், ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகையில், கிராண்டின் கட்சியில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். அது அவர் உரிமை. உள்ளுக்குள் சமாதானப் பேச்சு நடந்து, ஸீவருக்கும் கோஷ்டிக்கும் கிட்டத்தட்ட முடிவாகிவிட்ட நேரம். ஜூன் 15-ம் தேதிப் பத்திரிகையில் யங் ஒரு விஷயம் எழுதினார். நோலன் ரையன் என்று மெட்ஸில் முன்பு இருந்த ஆட்டக்காரர் ஒருவர். இப்போது வேறு கோஷ்டியில் ஸீவரைவிட அதிகம் சம்பாதிக்கிறார். ரையனின் மனைவி ரூத்தும் நான்ஸியும் சிநேகிதிகள். ஆகவே நான்ஸிக்குப் பொறாமை, அதனால்தான் ஸீவர் அதிகம் கேட்கிறார் என்பது அதன் சாரம்.

ஆண்கள் இரண்டு பேர் பண விஷயத்தில் மல்லுக்கு நிற்கிறார்கள். காரணம் எங்கேயிருந்து கண்டுபிடித்தார் பாருங்கள்! சமையல் அறையிலிருந்து. தலையணை மந்திரம் என்று நம் ஊர்க்காரர்கள்தான் சொல்வார்கள் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். பத்திரிகையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. எழுதுவதற்கு விஷயம் போதாதபோது பேனா எந்தப் பக்கம் திரும்பும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

ஸீவருக்கு அந்தச் செய்தி எட்டியதும், பேசிய பேச்சையெல்லாம் மறந்துவிடுங்கள், என்னை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். மனைவியின் பெயரை இழுத்த பிறகு அங்கே இருக்க அவருக்கு மனசில்லை. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அந்த வருஷத்துக்கு அன்று நள்ளிரவுதான் கெடு. கெடுவுக்குள் காரியம் முடிந்தது. அதே இரவில், பந்தை வானத்துக்கு அடிக்கிற டேவ் கிங்மன் என்பவரையும் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ‘நள்ளிரவுப் படுகொலை’ என்று அந்த இரவுக்கு இன்றைக்கும் பெயர்.

மறுநாள் தம் சாமான்களை எடுத்துக்கொண்டு போகத்தான் ஸீவர் ஷே ஸ்டேடியத்துக்கு வந்தார். நிருபர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். ரசிகர்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்ற கேள்வி வந்ததும் தொண்டை அடைத்துவிட்டது. மறுபடி முயன்றார், முடியவில்லை. கடைசியில் ஒரு நிருபரிடமிருந்து நோட்டுப் புத்தகத்தை வாங்கி, வாயால் சொல்ல முடியாததை எழுதிக் கொடுத்தார். அவர் ஜனங்களுக்குக் கொடுத்த சந்தோஷத்தை அவர்களும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது அதன் கருத்து. நான் முதலில் சொன்ன படம் அப்போது எடுத்ததுதான்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? முதலில் கோபித்தார்கள். பிறகு கேலி செய்தார்கள். அமெரிக்காவின் பழைய ஜனாதிபதி ஒருவருக்கும் கிராண்ட் என்று பெயர். அவருடைய சமாதி நியூயார்க்கில்தான் இருக்கிறது. ஷே ஸ்டேடியத்துக்கு ‘கிராண்டின் சமாதி’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் கோபம், கேலி இரண்டும் ஓய்ந்து, வராமலே இருந்துவிட்டார்கள். அதுதான் பெரிய அடி. 1970-ல் ஏறக்குறைய 27 லட்சம் பேர் டிக்கெட் வாங்கிய இடத்தில், 1976-ல் பதினான்கரை லட்சம். 1977-ல் பத்தரை லட்சம். 1979-ல் எட்டு லட்சம்கூட இல்லை. அந்த மூன்று வருஷமும் மெட்ஸுக்குத் தங்கள் பிரிவில் கடைசி ஸ்தானம். 1978 முடிந்ததும் கிராண்டையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இங்கே நான் இன்னொரு கட்சிக்காகவும் பேச வேண்டும். வந்த நான்கு பிள்ளைகள். பாட் ஸாக்ரிக்கு வயது 25. டக் ப்ளின்னுக்கு 26. ஸ்டீவ் ஹெண்டர்ஸனுக்கு 24. டான் நார்மனுக்கு 22. ‘எங்களைக் கொண்டு போங்கள்’ என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. மூத்தாள் படம் மாட்டிய கூடத்தில் இளையாள் விளக்கேற்றுகிற நிலைமை அவர்களுக்கு. என்ன செய்தாலும், ‘அவள் கை மணம் வருமா?’ என்பார்கள்.

உண்மையில் அவர்கள் சோடை போனவர்கள் அல்ல. ஹெண்டர்ஸன் வந்த வருஷமே நன்றாக ஆடி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதை ஒரே ஓட்டில் தவறவிட்டார். ப்ளின் 1980-ல், பந்தைப் பிடித்துத் தடுப்பதில் சிறந்தவருக்கான தங்கக் கையுறை விருது வாங்கினார். நார்மன்தான் பிரகாசிக்கவில்லை. ஸாக்ரியின் கதை மனசைச் சங்கடப்படுத்துகிறது. அவர் நல்ல பந்தெறிபவர். ஆனால் ஸீவர் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டியவரும் அவர்தான். 1978 ஜூலையில் ஓர் ஆட்டம். எதிரில் பீட் ரோஸ், தொடர்ந்து ஆட்டத்துக்கு ஆட்டம் பந்தை அடித்துப் பழைய சாதனை ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சாதனையை எட்டிய அடி ஸாக்ரியின் பந்தில் விழுந்தது. சிறிது நேரத்தில் அவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆத்திரத்தோடு வந்தவர், கீழே கிடந்த தலைக்கவசத்தை உதைக்கக் காலை ஓங்கினார். குறி தவறிச் சிமெண்டுப் படியில் பட்டது. கால் எலும்பு முறிந்து அந்த வருஷ ஆட்டமே போயிற்று. அன்றைக்கு அவர் உதைக்க நினைத்தது தலைக்கவசத்தை மட்டும்தானா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஸீவர் போன இடத்தில் செழிப்பாகவே இருந்தார். அந்த 1977 ஆகஸ்டு 21-ம் தேதி ரெட்ஸ் கோஷ்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஷே ஸ்டேடியத்துக்கே வந்தார். காலியாகக் கிடந்த ஸ்டேடியம் அன்று நிறைந்தது. எதிரில் பந்து எறிந்தவர் பத்து வருஷத் தோழர் ஜெரி கூஸ்மன். ஸீவர் 5-1 என்று ஜெயித்தார். சொந்தக் கோஷ்டி தோற்றதற்கு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்! பிறந்தகத்துக்கு விருந்தாளியாக வந்துபோகும் பெண்ணை வாசல் வரை வந்து வழியனுப்புவது போல.

1983-ல் புது முதலாளிகள் அவரைத் திருப்பி அழைத்து வந்தார்கள். முதல் ஆட்டத்தன்று அவர் மைதானத்தின் ஓரமாக நடந்து வந்தபோது எழுந்த கரகோஷம் பற்றி நேரில் கண்டவர்கள் இன்னும் பேசுகிறார்கள். சுபம் போட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்கள். இல்லை. 1984 ஜனவரியில், யாரும் எடுக்கக்கூடாதவர்கள் என்று கோஷ்டி எழுதிக் கொடுக்க வேண்டிய ஜாபிதாவில் ஸீவரின் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். முப்பத்தொன்பது வயசுக்காரரை யார் எடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. சிகாகோக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் தமது 300-வது வெற்றியை அடைந்தார். எங்கே? நியூயார்க்கில். யாங்கீஸ் மைதானத்தில்.

பிற்காலத்தில் ஸீவரும் நான்ஸியும் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டம் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அவருக்கு ஞாபகம் தவறும் நோய் கண்டிருப்பதாக 2019-ல் குடும்பத்தார் அறிவித்தார்கள். அந்த வருஷமே மெட்ஸின் புது ஸ்டேடியத்து விலாசத்தை, அவர் சட்டை எண்ணையும் சேர்த்து, ‘41, ஸீவர் வீதி’ என்று மாற்றினார்கள். 2020 ஆகஸ்டு 31 அன்று அவர் காலமானார்.

2022 ஏப்ரல் 15-ம் தேதி ஸ்டேடியத்து வாசலில் அவருக்குச் சிலை திறந்தார்கள். ஒரு காலைப் பின்னால் தரையோடு மடித்து, பந்தை வீசப் போகிற கோலம். விழாவுக்கு நான்ஸி வந்திருந்தார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எந்தப் பெண்மணியின் பொறாமை என்று பத்திரிகையில் எழுதினார்களோ, அதே நான்ஸி. ஜனங்கள் கூடியிருக்க, அவர் சிலையை நிமிர்ந்து பார்த்து, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவது போல நலம் விசாரித்து, நீ இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டாய், சந்தோஷம் என்றார்.