கச்சத்தீவை மீட்கிறது இருக்கட்டும், இன்னும் ரெண்டு ராத்திரி தங்க விடுங்க

கொஞ்சம் காரமான பதிவு இது. கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் பின்னூட்டத்துல கும்முங்க, தாங்கிக்கிறேன்.

கொஞ்ச நாளா எங்க பார்த்தாலும் ஒரே மாதிரி பயணக் கட்டுரையா வருது. 'குறைந்த செலவில் தீவுக் கடற்கரையில் டென்ட்.' தென்னை மரம், நீலத் தண்ணி, டென்ட் வாசல்ல ரெண்டு கால் தெரியிற மாதிரி ஒரு போட்டோ. உள்ள போய்ப் படிச்சா குறைந்த செலவு எங்கேன்னு தேடணும். அந்தமானுக்குச் சென்னையிலேர்ந்து விமானம், இல்லேன்னா மூணு நாள் கப்பல். லட்சத்தீவுக்குன்னா முதல்ல அனுமதிச் சீட்டு, அப்புறம் கொச்சி வரைக்கும் ரயில், அங்கேர்ந்து கப்பல். டென்ட் என்னவோ மலிவுதான். அந்த டென்ட்டை விரிக்கிற மணலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நம்ம மாதிரி ஆளுக்கு ரெண்டு மாசச் சம்பளம் காலி.

எங்க ஊர் சொல்தா வீட்டுப் பையன் ஒருத்தன் பிரான்ஸ்லேர்ந்து லீவுக்கு வந்தப்ப, ரீயூனியன் தீவுல பீச்சுல படுத்துத் தூங்கின போட்டோவைக் காட்டி, "உங்க ஊர்ல இந்த மாதிரி தீவு இருக்கா?"ன்னு கேட்டான். இருக்குடா தம்பின்னேன். பேரைச் சொன்னதும், "அது அரசியல்வாதிங்க மேடையில கத்துற தீவாச்சே"ன்னு சிரிச்சான்.

அதே தீவுதான். கச்சத்தீவு.

நம்ம கடற்கரை ஜனங்க டென்ட்டுங்கிற வார்த்தை தெரியிறதுக்கு முன்னாடியே தலைமுறை தலைமுறையா மணல்ல படுத்துத் தூங்கின தீவு அது. மொத்தமே 285 ஏக்கர். எங்க பக்கத்துல ஒரு நடுத்தரக் கிராமத்து வயல்வெளி அவ்வளவு வரும். ஆள் குடியிருப்பு கிடையாது, குடிக்கத் தண்ணி கிடையாது. முள்ளுப் புதர், மணல், ஒரு அந்தோணியார் கோயில், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தடவை, தவக்காலத்துல, பிப்ரவரி கடைசியிலயோ மார்ச்சுலயோ ரெண்டு நாள் திருவிழா. ராமேஸ்வரத்துலேர்ந்து விசைப்படகுல நம்ம ஆளுங்க போவாங்க, யாழ்ப்பாணம், நெடுந்தீவுப் பக்கத்துலேர்ந்து அவங்க ஆளுங்க வருவாங்க. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். முதல் நாள் கொடியேத்தம், சிலுவைப்பாதை, ராத்திரி தேர். அடுத்த நாள் காலையில பூசை, கொடியிறக்கம், கிளம்பு. நடுவுல ஒரே ஒரு ராத்திரி, மணல்ல.

2016ல நான் போயிருக்கேன். அப்ப புதுக் கோயில் திறக்கல. அந்த வருஷக் கடைசியிலதான் திறந்தாங்க. பழைய சின்னக் கோயிலைச் சுத்தி எள்ளு போட இடமில்லாம ஜனம் உட்கார்ந்திருந்துச்சு. ஒருத்தர் கையிலயும் டென்ட் இல்ல. உரச்சாக்கைப் பிரிச்சுத் தைச்ச படுதா, பழைய சேலை, ரெண்டு துடுப்பை நட்டு அது மேல ஒரு போர்வை. புளிசோறு, கருவாடு, அவல். இலங்கைக் கடற்படைக்காரங்க தண்ணி கொடுத்தாங்க, வாங்கிக் குடிச்சோம். துப்பாக்கி வச்சிருக்கிறவன் கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறது ஒரு தினுசான அனுபவம், அதை எழுதினா தனிப் பதிவா போயிடும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல வாடை குத்த ஆரம்பிச்சுது. பக்கத்துப் படுதாவுல நெடுந்தீவுக்காரக் குடும்பம். அந்தப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "தம்பி எந்த ஊர்?" காரைக்கால்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னார், "உங்கட ரோலர் வந்து எங்கட வலையெல்லாம் அள்ளிக்கொண்டு போகுது. நாங்கள் கடனுக்கு வாங்கின வலை." ரோலர்னா அவங்க பாஷையில இழுவைமடிப் படகு. என்கூட வந்திருந்த பட்டினச்சேரி சித்தப்பா ஒருத்தர், அவரே விசைப்படகுல போறவர், எழுந்து உட்கார்ந்துட்டார். சண்டை வரப் போகுதுன்னு நினைச்சேன். விடிய விடியப் பேசினாங்க. டீசல் விலை, வலை விலை, பிள்ளைங்க படிப்பு, ஜெயில்ல இருந்தவங்க கதை. ஒருத்தரை ஒருத்தர் ஒத்துக்கலை. ஆனா காலையில பிரியறப்ப சித்தப்பா ஒரு லுங்கியும் அவர் ரெண்டு சோப்பும் மாத்திக்கிட்டாங்க.

ரெண்டு நாட்டு அதிகாரிங்க ஏசி அறையில எத்தனையோ சுற்று பேசியிருக்காங்க, மீனவர் பிரதிநிதிகளையும் உட்கார வச்சிருக்காங்க. தீர்வு எங்கே? அந்த மணல்ல ஒரு ராத்திரியில நடந்த அளவுக்குப் பேச்சு எந்த மாநாட்டுல நடந்துச்சுன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

இப்ப நம்ம மேடைப் பேச்சாளர்கள்கிட்ட வர்றேன். 'கச்சத்தீவை மீட்போம்.' 2008ல ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனாங்க. 2013ல கருணாநிதி போனார். 2024 மார்ச் கடைசியில, நாடாளுமன்றத் தேர்தலுக்கு மூணு வாரம் இருக்கிறப்ப, பிரதமரே அதைப் பத்திப் பேசினார். 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபையில தீர்மானம். அந்த வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தானே போய்த் தீவுல இறங்கிக் காட்டினார். எல்லாருக்கும் அந்த 285 ஏக்கர் வேணும். அங்க படுத்துத் தூங்குற சனத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல.

1974 ஜூன்ல இந்திரா காந்தியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க, ரொம்பச் சின்னது. ஐந்தாவது பிரிவு என்ன சொல்லுது? இந்திய மீனவர்களும் யாத்திரீகர்களும் முன்பு போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதுக்காக இலங்கை பயணப் பத்திரமோ விசாவோ கேட்கக் கூடாது. அந்த 'முன்பு போலவே'தான் எனக்கு முக்கியம். முன்ன எப்படி இருந்துச்சு? நினைச்சப்ப கரையேறினாங்க, வலையைக் காய வச்சாங்க, சமைச்சுச் சாப்பிட்டாங்க, காத்து அடங்குற வரைக்கும் தூங்கினாங்க. 1976ல கடிதப் பரிமாற்றம்னு சொல்லி மீன்பிடிக்கிறதை வெட்டினாங்க. மிச்சம் இருக்கிறது ஓய்வு, வலை காயப் போடுறது, வருஷத் திருவிழான்னு அரசாங்கமே விளக்கம் சொல்லுது. (நைலான் வலையை எவன்யா காயப் போடுறான்? பருத்தி நூல் வலை போன காலத்தோட அந்த உரிமையும் போச்சு :-)) ஓய்வெடுக்கப் போனா கடற்படை புடிக்கும். கடைசியில கையில நிக்கிறது திருவிழா ஒண்ணுதான். அதாவது வருஷத்துல ஒரு ராத்திரி.

அந்த ஒரு ராத்திரிக்கும் எத்தனை கெடுபிடி! விண்ணப்பம், அடையாள அட்டை, உள்ளூர் போலீஸ் சான்று. படகு ஏறுமிடத்துல பையைக் கொட்டிச் சோதனை. பாதுகாப்பு வேண்டாம்னு சொல்லல. ஆனா எங்க நிலைமையைப் பாருங்க. நெரவியிலேர்ந்து கடல் கூப்பிடு தூரம். எங்க பக்கத்துப் படகுங்க அந்தக் கடல் முழுக்கப் போயிட்டு வருது. ஆனா அந்தோணியாரைப் பார்க்கணும்னா நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, தொண்டின்னு முக்கால் பகல் பஸ்ஸுல உட்கார்ந்து ராமேஸ்வரம் போகணும். வலையோட போனா ஜெயிலு, செபமாலையோட போனா ராமேஸ்வரம் வழி. 2023 அக்டோபர்ல நாகையிலேர்ந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டாங்க, நின்னு போய் 2024 ஆகஸ்ட்ல மறுபடி விட்டாங்க. பாஸ்போர்ட் இருக்கிறவனுக்குப் பக்கத்துத் துறைமுகத்துலேர்ந்தே கப்பல். பாஸ்போர்ட்டே வேண்டாம்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கிற யாத்திரைக்கு டெல்டாவுலேர்ந்து ஒரு படகு இல்ல. இது என்ன நியாயம்?

அந்த ஒத்தை ராத்திரியும் நிச்சயமில்ல. 1980கள்ல யுத்தம் ஆரம்பிச்சதும் போச்சு. போர் முடிஞ்சு 2010லதான் ஒழுங்கா திரும்ப வந்துச்சு. 2017ல ராமேஸ்வரம் மீனவர் ஒருத்தர் துப்பாக்கிச் சூட்டுல செத்தார், அந்த வருஷம் நம்ம பக்கம் புறக்கணிப்பு. 2021ல கொரோனா. 2024ல மீனவர்களைச் சிறையில போட்டதுக்காக மறுபடி புறக்கணிப்பு. 2025 மார்ச்ல மூவாயிரம் பேருக்கு மேல போனாங்க, ஆனா அதே வருஷம் ஜனவரி 28ஆம் தேதிதான் நெடுந்தீவுப் பக்கம் எங்க காரைக்கால் படகு மேல சுட்டாங்க. பதிமூணு பேர் பிடிபட்டாங்க, அதுல ரெண்டு பேருக்குப் பலத்த காயம். கோபம் இல்லாம இருக்குமா? இருக்கு. ஆனா திருவிழாவைப் புறக்கணிக்கிறது எனக்கு உடன்பாடு இல்ல. சுட்டவனுக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்ல. பக்கத்துப் படுதாவுல படுக்க வேண்டிய நெடுந்தீவுப் பெரியவர்தான் தனியாப் படுப்பார்.

'தீவு நம்ம கைக்கு வந்துட்டா மீன் பிரச்சினை தீர்ந்துடும்'னு வாதாடுற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தீராது. தீவைச் சுத்தி இருக்கிற மீனை நம்பி எந்த விசைப்படகும் டீசல் போடல. மீன் இருக்கிறது அதுக்கும் அப்பால, அவங்க கரையை ஒட்டி. இழுவைமடியை 2017லயே இலங்கை சட்டம் போட்டுத் தடை பண்ணிடுச்சு. கொடி மாறினாலும் அந்தப் பெரியவரோட கிழிஞ்ச வலை கிழிஞ்சதுதான். அதைப் பத்தி அவர்கிட்டயேதான் பேசணும், அதுக்கு ஒரு ராத்திரி பத்தாது.

இன்னொரு கூட்டம் இருக்கு: 'கச்சத்தீவைச் சுற்றுலாத் தலமாக்குங்க, டென்ட் போடுங்க, ரெண்டு நாட்டுக்கும் வருமானம்.' சாமி, ஆளை விடுங்க. லட்சத்தீவுல குடிக்கிற தண்ணி எப்படி வருதுன்னு பார்த்திருக்கீங்களா? மணலுக்கு அடியில உப்புத்தண்ணி மேல மழைத்தண்ணி ஒரு மெல்லிசு அடுக்கா மிதக்கும். அதிகமா இறைச்சா உப்பு மேல ஏறிடும். கவரத்தியில 2005ல சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை போட வேண்டியிருந்துச்சு, ஜனங்களே வாழ்ற தீவுக்கு அந்தக் கதி. கச்சத்தீவுல அந்த மெல்லிசு அடுக்கும் நம்பறதுக்கில்ல. வருஷம் பூரா வாடகை டென்ட் வந்தா தண்ணி படகுல வரும், குப்பை அங்கேயே கிடக்கும், டென்ட்டுக்கு ஒரு ராத்திரி வாடகை நம்ம சித்தப்பா ஒரு மாசத்துல பார்க்கிற காசா இருக்கும். அப்புறம் மீனவன் படுதாவை விரிச்சா 'இது தனியார் இடம்'னு ஒரு வாட்ச்மேன் விரட்டுவான். 2021ல லட்சத்தீவுல கரையோரம் மீனவர்கள் சாமான் வைக்கிற கொட்டகைகளை இடிச்சாங்களே, மறந்துட்டீங்களா?

நான் கேக்குறது ரொம்பச் சின்னது. திருவிழா ராத்திரி ஒண்ணை மூணாக்குங்க. ஆள் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம், தண்ணியையும் சாப்பாட்டையும் அவங்கவங்களே கொண்டுபோகட்டும், குப்பையைத் திருப்பி எடுத்துட்டு வராதவனுக்கு அடுத்த வருஷம் அனுமதி இல்லேன்னு வைங்க. காரைக்கால், நாகைப் பக்கத்து ஜனங்களுக்கு நாகையிலேர்ந்தே படகு விடுங்க. இதுக்கு ஒப்பந்தத்துல ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டாம், 'முன்பு போலவே'ங்கிறதுக்குள்ளேயே இது அடங்கும். உச்ச நீதிமன்றம் வேண்டாம், தீர்மானம் வேண்டாம். டெல்லியும் கொழும்பும் ஒரு கடுதாசி எழுதினா போதும். தீவையே மீட்டுத் தர்றேன்னு சொல்றவங்களால ரெண்டு ராத்திரி வாங்கித் தர முடியாதா என்ன?

'மதச்சார்பான விழாவுக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து'ன்னு யாராவது ஆரம்பிப்பீங்கன்னு தெரியும். நான் கோயில்ல விபூதி வாங்குறவன்தான், பட்டினச்சேரி சித்தப்பாவும் அப்படித்தான். கடல்ல காத்து சுழட்டி அடிக்கிறப்ப எந்தச் சாமி பேர் வாயில வருதுன்னு அவர்கிட்ட கேட்டுப் பாருங்க.

அடுத்த திருவிழாவுக்குப் போக நினைக்கிறவங்க பொங்கல் முடிஞ்சதுமே ராமேஸ்வரத்துல விசாரிச்சுடுங்க, கடைசி நேரத்துல போனா இடம் இருக்காது. பீடி, சிகரெட், சரக்கு எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, பிடுங்கிடுவாங்க. டென்ட் வேண்டாம், வாடைக்கு நிக்காது. கனமான போர்வையும், மாத்திக்க ரெண்டு புது லுங்கியும் போதும்.