வென்றவர் ஏன் மழையில் நின்றார்?

போன வாரம் பெருமுக்கல்லில், மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினேன். கொட்டும் மழையில் ஒருவர் கோப்பை வாங்குகிறார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அண்ணா, ஜெயிச்சவரு ஏன் வெளிய நிக்கிறாரு? உள்ள கூப்பிட மாட்டாங்களா?”

அவளுக்கு அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பவர் தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் சியூசங்கர் சியூகோலம். எல்லோரும் ‘பாப்வா’ என்றே அழைத்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று, நம் சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்காக அதன்பின் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் கப்பலாகப் போனார்கள். அப்படிப் போனவர்களின் வழியில் வந்தவர் பாப்வா. எழுதப் படிக்கத் தெரியாது. டர்பனில் வெள்ளையர்களின் பீச்வுட் கிளப்பில், ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதுதான் அவர் வேலை.

யாரும் அவருக்கு ஆடச் சொல்லித்தரவில்லை. குச்சியை மட்டையாக்கி அடித்துப் பழகினார். அதனால் அவர் மட்டையைப் பிடிக்கும் விதமே தலைகீழ். வலக்கை ஆட்டக்காரர்கள் எல்லோரும் வலது கையைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள். இவர் இடது கையைக் கீழே வைத்தார். பயிற்சியாளர்கள் தப்பு என்று சொல்லும் அந்தப் பிடியை வைத்துக்கொண்டே 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1959-இல் அவரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனவர் கிரஹாம் வுல்ஃப் என்ற வெள்ளையர். இன்று நம்மூர்க் கடையிலும் கிடைக்கும் ‘ஓலே’ முகக்கிரீமை உருவாக்கியவர் அவர்தான்.

ஐரோப்பாவில் வென்றவருக்குச் சொந்த ஊரில் என்ன நடந்தது? 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் போட்டி. வெள்ளையர்களோடு ஆடி பாப்வா ஜெயித்தார். பரிசளிப்பின்போது மழை. வெள்ளை ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குள் நனையாமல் இருந்தார்கள். நிறவெறிச் சட்டங்களின்படி வெள்ளையர் அல்லாதவர் அங்கே விருந்தாளியாக நுழைய முடியாது. எனவே அவருக்கான கோப்பை வெளியே வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே கட்டடத்துக்குள் இந்தியர்கள் வேலைக்காரர்களாகப் போகத் தடை இல்லை. தட்டு ஏந்தினால் உள்ளே போகலாம், கோப்பை ஏந்தினால் வெளியே நிற்க வேண்டும். ‘அசுத்தம்’ என்பதெல்லாம் சாக்கு. அவர் எந்த இடத்தில் இருந்து உள்ளே வருகிறார் என்பதுதான் பிரச்சினை. நம் ஊரிலும் மாட்டுக்கொட்டகையைக் கூட்ட, நெல் மூட்டை இறக்க, இழவு சொல்ல நாம் வேண்டும். திண்ணையில் சமமாக உட்காரும்போதுதான் சாதி நினைவுக்கு வரும்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வருகிறது. கல்லூரி முதல் வருடம். திண்டிவனம் பக்கத்தில் ஓர் ஊரில் கிரிக்கெட் போட்டி. எங்கள் காலனி அணி இறுதிப்போட்டியில் ஜெயித்துவிட்டது. தோற்ற அணி உட்பட எல்லோரும் பந்தலுக்குள் இருக்க, எங்களிடம் ஒருவர் வந்து, “தம்பிங்களா, நேரமாயிடுச்சி, கப்ப இங்கேயே வாங்கிக்கிங்க” என்று ரோட்டோரத்தில் கொடுத்துவிட்டுப் போனார். யாரும் திட்டவில்லை. சாதிப் பெயரைச் சொல்லவில்லை. நாங்களும் விசிலடித்துக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டோம். முதுகலையில் சமூகவியல் படித்தபோதுதான் அன்று நடந்ததற்குப் பெயர் தெரிந்தது. பாப்வாவின் படத்தைப் பார்த்தபோதுதான் அது வலித்தது.

பாப்வா நம் சாதிக்காரர் என்று சொல்ல வரவில்லை. நிறவெறியும் சாதியும் ஒன்றேதான் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையை எழுதிய தென்னாப்பிரிக்க நீதிபதி கிறிஸ்டோபர் நிக்கல்சன், 2005-இல் வந்த தன் புத்தகத்தின் தலைப்பிலேயே அவரைப் ‘பறையா’ நிலையிலிருந்து புகழுக்கு வந்தவர் என்கிறார். ஆம், ஆங்கிலத்தில் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்பதற்கு உலகமே பயன்படுத்தும் அந்தச் சொல் நம் பறையிலிருந்து போனதுதான். டர்பனில் ஒருவரை மழையில் நிறுத்தியதைச் சொல்வதற்கும் உலகத்துக்கு நம் பெயர்தான் தேவைப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்தக் கதையைப் பேசும் உரிமை நமக்கு நிச்சயம் உண்டு.

இட ஒதுக்கீடு என்றதும் வகுப்பறையில் உங்களிடம் என்ன சொல்கிறார்கள்? “தகுதி, திறமை இருந்தா யாரு தடுக்கப்போறா?” பாப்வாவின் வாழ்க்கை இதற்கு நேரடியான பதில். 1965-இல் அவர் மறுபடியும் நேட்டால் ஓப்பனை வென்றார். அந்தத் தடவை அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் கேரி பிளேயர். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனையும் வென்று, கோல்ஃபின் நான்கு பெரிய பட்டங்களையும் கைப்பற்றிய உலக நட்சத்திரம். அவரையே ஜெயித்தாயிற்று. இதற்குமேல் என்ன தகுதியை நிரூபிக்க வேண்டும்?

அதற்குக் கிடைத்த பரிசு: வெள்ளையர் போட்டிகளில் ஆட அரசு அவருக்கு அனுமதி மறுத்தது. பாஸ்போர்ட்டையும் பறித்தது. ஆடும் வயதில் ஆட்டம் நின்றது. 1978-இல், ஐம்பது வயது நிரம்பும் முன்பே, வறுமையில் இறந்தார்.

வரிசையைப் பாருங்கள். முதல் முறை ஜெயித்தபோது வெளியே நிறுத்தினார்கள். இரண்டாம் முறை ஜெயித்தபிறகு களத்தையே மூடினார்கள். திறமை கதவைத் திறக்கவில்லை. திறமை கூடக் கூட, கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்பட்டது. தோற்றிருந்தால் அவரை விட்டிருப்பார்கள்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. பல்வங்கர் பாலுவைத் தெரியுமா? சமார் சாதியில் பிறந்த மாபெரும் பந்துவீச்சாளர். புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் மைதானத்தைப் பராமரித்துக்கொண்டே வலையில் பந்து வீசியவர். பின்பு இந்து அணிக்கு ஆடியபோது, அதே அணிக்காரர்கள் பீங்கான் கோப்பையில் டீ குடிக்க, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911-இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் இந்து அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின் 1923-இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

இந்திய கோல்ஃபிலும் பை தூக்கி மேலே வந்தவர்கள் உண்டு. 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர், 2009-இல் வென்ற பெங்களூர் முனியப்பா இருவரும் அப்படித்தான். அவர்களை மனதாரக் கொண்டாடுவோம். ஆனால் “பார்த்தாயா, கதவு திறந்துதான் இருக்கு” என்று அவர்கள் பெயரைச் சொல்லி யாராவது நம் வாயை அடைத்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: பை தூக்கினால்தான் மைதானத்தைக் கண்ணால் பார்க்க முடியும் என்ற நிலை யாருக்கு மட்டும் இருக்கிறது?

மழையில் நின்ற அந்தப் படம் வீணாகவில்லை. அது உலகம் சுற்றியது. நிறவெறி நாட்டோடு விளையாடாதே என்று போராடியவர்கள் கையில் ஆயுதமானது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை. 1970-இல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பாப்வா ஒருவரின் ஆட்டத்தால் முடியாததை, ஆயிரக்கணக்கானவர்களின் புறக்கணிப்பு செய்தது. இன்று டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர். நல்லதுதான். ஆனால் பெயர்ப் பலகை எந்த ஆட்டத்தையும் திருப்பித் தராது.

தம்பி தங்கைகளே, “நல்லா படி, நல்லா ஆடு, எல்லாம் சரியாயிடும்” என்பார்கள். படியுங்கள், ஆடுங்கள். அதோடு கதவையும் தட்டுங்கள். உங்கள் ஊராட்சியின் விளையாட்டு மைதானம் எங்கே இருக்கிறது? காலனிப் பிள்ளைகள் கேட்காமலே அதில் இறங்க முடிகிறதா? இதை அடுத்த கிராம சபையில் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பொது இடங்களில் சாதியைச் சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அப்படித் தடுப்பது குற்றம். ரோட்டோரத்தில் கோப்பையைக் கொடுத்தால், வாங்காதீர்கள். அன்று நான் வாங்கினேன்; அதனால்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான்: அவர் ஜெயித்ததால்தான் வெளியே நின்றார், பாப்பா. நீ ஜெயிக்கும்போது உள்ளே நிற்க வேண்டும். அதற்கு நாங்கள் எல்லோரும் உன்னோடு வருவோம்.

ஜெய்பீம்.